விருந்தாளிக்கு அறை ரெடி... வீட்டுக்காரருக்கு?



மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் கேட்டதும், ஒரு காதல் கவிதை எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுதான் தோன்றியது. ஆனால் நம் மலரில் கவிதைக்கா பஞ்சம்? அதனால் சிவில் மாணவனான எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'கிராமச் சுற்றுலா' என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. ஓலைக் கூரை, விறகடுப்புச் சமையல், மாட்டு வண்டிச் சவாரி... பட்டணத்துக்காரர்கள் வருவார்கள், பணம் வரும், ஊர் முன்னேறும் என்கிறார்கள். நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ஓலைக் கூரை நிற்கிற நிலம் யாருடையது?

கர்நாடகத்தில் மைசூரு, குடகு மாவட்டங்களில் நாகரஹொளே என்ற காடு இருக்கிறது. ஜேனு குருபர் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காடு. கன்னடத்தில் 'ஜேனு' என்றால் தேன். தொழிலையே பெயராக வைத்திருப்பவர்கள். வனவிலங்குப் பாதுகாப்பு என்று சொல்லி 1970களிலிருந்து பல குடும்பங்களை வெளியேற்றினார்கள். சரி, காட்டுக்குள் மனுஷனே இருக்கக்கூடாது போலிருக்கிறது என்று நாம் நினைப்போம். ஆனால் 1994ல் அதே காட்டுக்குள் சொகுசு விடுதி நடத்த கேட்வே ஓட்டல் நிறுவனத்துக்கு அரசு குத்தகை கொடுத்தது! தேன் எடுக்கிறவர் இருந்தால் புலிக்குத் தொந்தரவு. ஜீப்பில் வருகிறவர் இருந்தால் தொந்தரவு இல்லை! என்னங்க நியாயம் இது?

பழங்குடி மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அந்தக் குத்தகை சட்டவிரோதம் என்று 1997ல் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதி போயிற்று. ஆனால் கவனியுங்கள்... விடுதி போனதே தவிர, நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. 2025 மே மாதத்தில் ஜேனு குருபக் குடும்பங்கள் சில, தங்கள் பழைய ஊர் இருந்த இடத்துக்கே திரும்பிப்போய், எங்கள் உரிமையைக் கொடு என்று உட்கார்ந்தார்கள். தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து!

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி உரிமை கோரும் மனுக்களை முதலில் விசாரித்துத் தீர்மானம் போட வேண்டியது கிராம சபைதான். கொடுக்கும் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. அதாவது நாளைக்கு ஒரு ரிசார்ட்காரர் பெட்டி நிறையப் பணத்தோடு வந்தாலும் எழுதி வாங்க முடியாது. 2012ல் திருத்திய விதிகளின்படி அந்தக் கிராம சபைக்குப் பாதிப் பேராவது வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

"அதான் வேலை கிடைக்குதே, அது போதாதா?" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். வேலை வேண்டும்தான். ஆனால் தன் நிலத்தில் கட்டிய விடுதியிலேயே வாட்ச்மேனாக நிற்பவரை, நாளை முதல் வராதே என்று ஒரு மானேஜர் சொல்லிவிடலாம். நிலத்துக்குச் சொந்தக்காரரை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முடியுமா என்று கேட்டால், முடியும். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஹோட்கா என்ற ஊர். மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய திட்டத்தில், ஊர்க்காரர்களின் குழுவே ஒரு விடுதியை நடத்த ஆரம்பித்தது. தங்கும் அறைகள் 'பூங்கா' எனப்படும் வட்டமான மண் வீடுகள். 2001 பூகம்பத்தில் கான்கிரீட் கட்டடங்கள் பல விழுந்தபோதும் பெரும்பாலும் தாக்குப்பிடித்த வீட்டு வகை அது. சிவில் நண்பர்களே, குறித்துக்கொள்ளுங்கள்!

ஆனால் குழு என்று ஒன்று போட்டுவிட்டால் போதுமா? தலைவர், தலைவரின் மச்சான், மச்சானின் பார்ட்னர் என்று மூன்று பேர் உட்கார்ந்தால் அதுவும் 'ஊர்க் குழு'தானே! சமைக்கிற பெண்களுக்கு அங்கே நாற்காலி உண்டா? காலனித் தெருவுக்கு இடம் உண்டா? வரவு செலவைச் சபையில் வாசிக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால்தான் அது ஊரின் சுற்றுலா. இல்லையென்றால் அது ஊரைக் காட்டிச் சிலர் நடத்தும் வியாபாரம்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? தோழர்களே, நாளைக்கு அந்த ரிசார்ட்டுக்கு சர்வே எடுக்கப்போவதே நாம்தான்! டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி, புலப்படத்தைப் பார்த்து, 'புறம்போக்கு' என்று எழுதிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுவோம். ஆடு மேய்கிற இடம், நெல் காயப்போடும் களம், சுடுகாட்டுப் பாதை, எல்லாம் நம் சைட் பிளானில் வெறும் வெள்ளை இடம். அந்த வெள்ளை இடத்தில்தான் நீச்சல் குளம் வருகிறது. யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதையும் பிளானில் குறிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு டீ குடிக்கிற நேரம்!

இன்னொன்று. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்றால் நமக்கு லீவு என்றுதான் தெரியும். அந்த நாட்களில் நம் ஊரில் கிராம சபை கூடுகிறது. 18 வயதாகி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நாமும் உறுப்பினர். எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது டி.வி. முன்னால் உட்காராமல் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காருவோமே!

விருந்தோம்பல் நம் பண்பாடு. மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளியை 'வாங்க' என்று கூப்பிடும் உரிமை வீட்டுக்காரருக்குத்தான் உண்டு. முதலில் அவரை வீட்டுக்காரராக இருக்க விடுவோம். அதற்குப் பிறகு வரட்டும் சுற்றுலா!