பழைய விமானமே போதும்

நாற்பத்தைந்து பிராயத்துக்கு மேல், மூக்குக் கண்ணாடியும் சாக்கட்டித் தூளுமாகக் காலந்தள்ளும் நாம் ஆகாய யுத்தத்தில் இறங்கியிருக்கிறோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். யுத்தம் நடப்பது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். விளையாட்டின் பெயர் 'வார் தண்டர்'. இன்டர்நெட் வழியாக எந்தெந்தத் தேசத்துப் பிள்ளைகளோ எதிரே பறந்து வருவார்கள்; சுடுவார்கள்; பெரும்பாலும் நாமே விழுவோம்.

இதைக் கற்றுக் கொடுத்தவன் நம் மருமான். ஆடப் பழகியதும், வேகமும் பீரங்கியும் மிகுந்த புதுப் புது விமானங்களைச் சம்பாதித்துக்கொண்டே மேலே போகவேண்டும் என்பது அவன் சித்தாந்தம். நாமோ 'கிளாடியேட்டர்' என்னும் இரட்டை இறக்கை விமானத்தை விட்டு இறங்குவதில்லை. அது முதன்முதலில் பறந்தது 1934-ல். நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். முழு வேகம் மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். விளையாட்டின் விதியோ, நம்மைவிடச் சற்று உயர்ந்த தரத்து விமானங்களையும் அதே ஆகாயத்தில் கொண்டுவந்து விடுகிறது.

"மாமா, இதை மியூசியத்தில் அல்லவா வைக்க வேண்டும்?" என்கிறான் பையன்.

அவன் அறியாத ருசி ஒன்று இதில் உண்டு. வேகமான விமானம் பின்னால் பாய்ந்து வரும்போது அதனோடு ஓட்டப் பந்தயம் ஓடுவது மூடத்தனம். குண்டு எட்டும் தூரத்துக்கு அவன் வரும் வரை பொறுத்திருந்து, சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப வேண்டும். முந்தினால் அவனும் உடன் திரும்பிவிடுவான். பிந்தினால் கதை முடிந்தது. ஒரே அளவு சாய்வில் திரும்பும்போது, வேகம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும் என்று எத்தனையோ வருஷங்களாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறோம். அந்தச் சூத்திரத்தை உயிருக்குப் பயந்து உபயோகித்துப் பார்த்தது இப்போதுதான்! நாம் குறுகத் திரும்ப, அவன் அகலத் திரும்பி நம்மைத் தாண்டிப் போய், இரண்டு வினாடி நம் துப்பாக்கிகளுக்கு எதிரே நிற்பான். அந்த இரண்டு வினாடிக்காகத்தான் இத்தனை பாடும்.

தப்பினால் அவன் மேலே ஏறிப் போய்விட்டு மறுபடியும் வருவான். நாம் துரத்த முடியாது, ஓடவும் முடியாது. சண்டையை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வேகமுள்ளவன் இஷ்டம்.

இந்தப் பெருமையை ஒரு நாள் மருமானிடம் அளந்துகொண்டிருந்தபோது, நம் ஊர்ச் சரித்திரம் ஒன்று ஞாபகத்துக்கு வந்து வாயை அடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 டிசம்பர் 1-ந் தேதி, காவேரிக்குத் தெற்கே இதோ இருக்கும் திருச்சியில், இந்திய விமானப் படையின் ஆறாவது ஸ்குவாட்ரன் பிறந்தது. தலைவர், ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். கிடைத்த விமானம் 'ஹரிகேன்'. 1940-ல் பிரிட்டனைக் காத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1944-க்குள் அது பழசாகிவிட்டது. அரக்கான் காடுகளின் மேல் மரக்கிளை உரசத் தாழப் பறந்து, எதிரியின் நடமாட்டத்தை ஒற்றறிவது இவர்கள் வேலை. இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் தரையைப் பார்க்க, மற்றவர் முதுகைக் காப்பார். எதிரே வந்தது ஜப்பானியரின் 'ஹயபுஸா'. லேசான விமானம், ஹரிகேனைவிடக் குறுகத் திரும்பும். ஆகவே நம் கிளாடியேட்டர் வித்தை அங்கே பலிக்காது.

அப்படியிருந்தும் 1944 பிப்ரவரி 15-ந் தேதி, அந்த ஸ்குவாட்ரனின் ஜகதீஷ் சந்திர வர்மா ஒரு ஹயபுஸாவைச் சுட்டு வீழ்த்தினார். அவருடைய தோழர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த பையன், "அவர்களுக்கு விமானத்தை மாற்றிக்கொள்ளப் பட்டன் இருந்ததா, மாமா?" என்றான்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. புல்லைக் கையில் கொடுத்து அனுப்பியவனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தையும் இல்லை. நாம் எளிய விமானத்தை ஆசைப்பட்டு எடுக்கிறோம். விழுந்தால் மறு ஆட்டம், நடுவில் காப்பி.

கிளாடியேட்டரை விட்டுவிட்டோமா என்றால், இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹரிகேனில் ஏறுகிறோம். ஹாஸ்டலுக்குப் போய்விட்ட மருமான், தன் பெரிய விமானங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கிருந்தபடியே இன்னொரு ஹரிகேனில் நம் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறான். சென்ற வாரம் இருவருமாக ஏழு நிமிஷம் தாக்குப் பிடித்தோம்.