கதவை அடைக்கலாம், கணக்கை மறைக்கலாமா?

சென்ற வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய கடிதங்கள், பாங்கிப் பாஸ் புத்தகம், நகைக் கடை ரசீதுகள். கணவர் பணம் கொடுப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம்தான், சார். ஆனால் இந்தக் கடிதங்களைக் கோர்ட்டில் படித்தால், மறுநாள் பெரிய மார்க்கெட் பூக்காரம்மா வரையில் தெரிந்துவிடுமே! எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்" என்றார்.

வாசகர்களே, ஊர் வாய்க்குப் பயந்து உரிமையையே பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர் இவர் ஒருவர்தானா? அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்வது இதுதான்: கணவன், மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். மற்றவர் சம்மதம் தேவையில்லை. இந்து விவாகச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்குக்கோ கேட்கவே வேண்டாம். 22-வது பிரிவே கதவை அடைத்துவிடுகிறது. அனுமதி பெற்று வெளியிடும் ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளைத் தவிர அவ்வழக்கின் விவரம் எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதுதான், ஆனாலும் எதிராளியின் மனுவைக் கைபேசியில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

புதுவைக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. 1963-ல் அந்தச் சட்டம் இங்கே வந்தபோது, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களை அது விட்டுவிட்டது. அவர்கள் 22-வது பிரிவை நம்ப முடியாது. ஆனால் குடும்ப நீதிமன்றத்தின் 11-வது பிரிவு, யார் எந்தச் சட்டப்படி மணந்தார்கள் என்று பார்ப்பதில்லை.

சரி, கதவு அடைத்தாயிற்று. உள்ளே?

உள்ளே ஒளிவுமறைவு செல்லாது. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஓர் ஏற்பாடு செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்கும் இடமுண்டு.

அந்தரங்கப் பேச்சுக்கும் இப்போது திரையில்லை. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த தொலைபேசி விவரங்களை 2024-ல் சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை சாட்சியமாக ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலை 14-ந் தேதி, வேறொரு தம்பதியின் விவாகரத்து வழக்கில், இரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது சுப்ரீம் கோர்ட். ஆகவேதான் கதவை அடைக்கச் சொல்லிக் கேட்பது முன்னைவிட அவசியம். நீதிபதி பார்க்க வேண்டியதை வீதி பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

"அப்படியானால் அவருடைய சம்பளக் கணக்கு வெளியே வந்துவிடுமா?" என்று சகோதரி மலர்ந்தார்.

"வரும். உங்கள் தையல் வருமானமும் வரும்."

"சீட்டுப் பணமுமா?"

"அதுவும்தான், அம்மா!"

சற்று யோசித்தார். பிறகு கடிதங்களைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, பாஸ் புத்தகத்தை மேலே எடுத்து வைத்துக்கொண்டு, "நல்ல வக்கீல் யார், சார்?" என்று கேட்டார்.