இலை பச்சையாகத்தான் இருக்கிறது

எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம். டீக்கடைக்கு நிழல், ஆட்டோக்காரர்களுக்கு ஸ்டாண்டு, சாயங்காலம் என்னைப் போன்ற ரிட்டயர்டு ஆட்களுக்கு அரட்டை மேடை. மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு நாள் விடிந்ததும் பார்த்தால், இடுப்பு உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை யாரோ செதுக்கி எடுத்திருந்தார்கள். யார், எதற்கு என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதை விடுவோம்.

"ஒண்ணும் ஆகாது டீச்சர். மூணு வாரமாச்சு, ஒரு இலை வாடல பாருங்க. மேல்தோல்தானே போயிருக்கு" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் தலையாட்டினாள். பத்தாம் வகுப்பு. உடம்பில் ரத்தம் ஓடுவது, மரத்தில் நீர் ஏறுவது எல்லாம் ஒரே பாடத்தில் வருகிறது, மறுநாள் டெஸ்ட். "நமக்கு ரத்தம் மாதிரி மரத்துக்குச் சாறு. அது ஓடிட்டு இருக்கறதாலதானே டீச்சர் இலை பச்சையா இருக்கு?"

'நமக்கு ரத்தம் மாதிரி.' எத்தனையோ வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

நம் ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. இன்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், கல்லீரல் ரத்தத்தைப் புதிது புதிதாக உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். (இவை இன்றைய அளவுகள். ஹார்வி இதைவிட மிகக் குறைவாக மதிப்பிட்டும் கணக்கு உதைத்தது.) யார் இவ்வளவு சாப்பிட்டு இவ்வளவு ரத்தம் உண்டாக்க முடியும்? அதே ரத்தம்தான் திரும்பி வருகிறது என்று 1628-ல் புத்தகம் போட்டார். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

அதே 1628-ல் இத்தாலியில் பிறந்த மார்செல்லோ மால்பிகி, 1661-ல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த இணைப்பைப் பார்த்துவிட்டார். முடியைவிட மெல்லிய தந்துகிகள். அதற்குள் ஹார்வி இறந்து நான்கு வருஷமாகிவிட்டது.

இந்த மால்பிகிதான் பிற்பாடு மரத்தின் பக்கம் திரும்பினார். உயிரோடு இருக்கும் மரத்தண்டில் வளையம்போலப் பட்டையை உரித்துப் பார்த்தார். எங்கள் தெருவில் செய்த அதே வேலை, கெட்ட எண்ணம் இல்லாமல்! மேலே இலைகள் வாடவில்லை. ஆனால், நாளாக ஆக வெட்டுக்கு மேல்பக்கம் வீங்கியது. கீழே இறங்க வந்த ஏதோ ஒன்று வழியில்லாமல் அங்கே தேங்கி நிற்கிறது என்று புரிந்துகொண்டார்.

மரத்துக்கு இரண்டு பாதைகள். உள்ளே கட்டையில் இருக்கும் சைலம், வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டுபோகிறது. நீரைக் கடத்துகிற நேரத்தில் அந்தக் குழாய்கள் உயிரில்லாத செல்கள். அங்கே பம்பும் இல்லை, இதயமும் இல்லை. இலைத்துளை வழியாக நீர் ஆவியாகப் போக, ஒன்றோடு ஒன்று கைகோத்த நீர் மூலக்கூறுகள் சங்கிலிபோல மேலே இழுபடுகின்றன. ஏறிய நீரில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. அது திரும்பி வருவதில்லை. ஆகவே சுற்றோட்டம் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் பாடத்தின் தலைப்பிலேயே தாவரத்துக்குக் 'கடத்துதல்', விலங்குக்குச் 'சுற்றோட்டம்' என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தலைப்பை யாரும் படிப்பதில்லை!

இன்னொரு பாதை, பட்டையின் உட்புறத்தில் இருக்கும் புளோயம். இது உயிருள்ளது. இலை சமைத்த சர்க்கரையைத் தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோகிறது: வேருக்கு, காய்க்கு, புதுத் தளிருக்கு. (கீழ்நோக்கி மட்டும் என்று எழுதினால் மார்க் போச்சு.) வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். நம் ரத்தம் ஒரு நிமிஷத்தில் உடம்பை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும்.

எங்கள் வேம்பில் போனது இந்த இரண்டாவது பாதை. தண்ணீர் ஏறுகிறது, அதனால் இலை பச்சை. வேருக்குத்தான் சாப்பாடு நின்றுவிட்டது. சேமித்த மாவுச்சத்தை வைத்து வேர் கொஞ்ச காலம் ஓட்டும். வேர்த்தூவிகளுக்கு ஆயுள் குறைவு. புதிதாக முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் அது நிற்கும், பிறகு தண்ணீரும் நிற்கும். அப்போதுதான் இலை வாடும். சில மரங்கள் மாதக்கணக்கில், ஏன், வருஷம் கடந்துகூடத் தாக்குப்பிடிக்கும். நமக்கு எல்லாவற்றையும் ஒரே ரத்தம் சுமப்பதால், மூளைக்கு அது நின்றால் சில நிமிஷங்களில் ஆபத்து. மரத்துக்கு இரண்டு வழி இருப்பதால் சாவு தாமதமாகிறது, பார்ப்பவர்களும் ஏமாந்துபோகிறார்கள்.

கம்பியோ சீரியல் பல்பு வயரோ மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அவிழ்க்காமல் விட்டால் நடப்பதும் இதேதான். மரம் பருக்கப் பருக்க வயர் பட்டைக்குள் இறங்கும்.

இதே வித்தையைத் தோட்டக்காரர்கள் நல்லதுக்கும் பயன்படுத்துகிறார்கள். மாதுளை, கொய்யாவில் விண்பதியம் போடும்போது கிளையில் ஒரு அங்குலம் பட்டையை வளையமாக எடுத்து, ஈரப் பாசியோ தென்னை நார்க்கழிவோ வைத்துக் கட்டுவார்கள். இறங்க வழியில்லாத உணவு அங்கே சேர, வெட்டுக்கு மேலே வேர் விடும்.

"அப்ப தென்னை மரத்துல ஏறுறதுக்கு வெட்டுறாங்களே, அது ஏன் சாகறதில்ல?" என்றாள் அவள். நல்ல கேள்வி. தென்னை ஒருவித்திலை. அதன் குழாய்க் கற்றைகள் பட்டையடியில் வளையமாக இல்லை; தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளியே கொத்தினாலும் உள்ளே வழி இருக்கும்.

அவள் எழுந்து மரத்தைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டியிருக்கிறது. கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். "டீச்சர், இங்க பட்டை இருக்கு!"

இருந்தது. சுவர் இடுக்கில் அரிவாள் நுழையாததால் நான்கு விரல் அகலத்துக்கு அப்படியே தப்பியிருக்கிறது. அந்தக் கீற்று வழியாக வேருக்குக் கொஞ்சமாவது உணவு போகும். ஓரங்களிலிருந்து புதுத் திசு மெல்ல வளர்ந்து காயத்தை மூடவும் செய்யும். முழு வளையமும் போயிருந்தால், அதே மரத்தின் குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் செருகிப் பாலம்போல ஒட்டுக் கட்ட வேண்டும். ஆப்பிள் தோட்டங்களில் முயலும் எலியும் கடித்த மரங்களுக்கு அப்படிச் செய்வதுண்டு. வேம்பில் நான் செய்து பார்த்ததில்லை.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கடைக்குப் பின்னால் போய்ப் பழைய தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அரிவாள் மறுபடி வந்தால் அந்த இடுக்குக்குள் போகக்கூடாதாம். கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடப் போனவரை அவள் தடுத்தாள்.

"மரத்துல கட்டாதீங்க அண்ணாச்சி. சுவத்துல ஆணி அடிங்க."