படம் மின்னல் மாதிரி இருந்தா போதுமா?

மின்னல் சிமுலேஷன்னு யாராவது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்தா, முடிவு என்னன்னு முன்னாடியே சொல்லிடலாம். கறுப்புத் திரை, வெள்ளைக் கிளைகள், ரிவ்யூல எல்லாரும் "செம!" அந்த "செம" மேலதான் எனக்குக் கேள்வி.

பெரும்பாலும் எடுக்கிறது 1984-ல் நீமேயர், பியட்ரோனெரோ, வீஸ்மன் மூவரும் தந்த மாடல். இடத்தைக் கட்டங்களாகப் பிரிச்சு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்க்கணும். கிளையை ஒட்டிய கட்டங்களில் எங்கே மின்புலம் அதிகமோ, அங்கே அடுத்த கிளை முளைக்க வாய்ப்பு அதிகம். ஒரு கட்டத்தைச் சேர்த்துட்டு மறுபடி தீர்க்கணும். எவ்வளவு அதிகம் என்பதை 'ஈட்டா' என்ற அடுக்கு சொல்லும். பூஜ்யம் வச்சா உருண்டை, ஒண்ணு வச்சா மரம், இன்னும் ஏத்தினா கிட்டத்தட்ட நேர்கோடு. மின்னல் மாதிரி தெரியற வரைக்கும் ஈட்டாவைத் திருகினா, மின்னல் மாதிரி தெரியாம வேற எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. அடிப்படை மாடல்ல 1 வோல்ட் கொடுத்தாலும் நூறு கோடி வோல்ட் கொடுத்தாலும் அதே படம்தான். நிகழ்தகவுக் கணக்கில் வோல்டேஜ் அடிபட்டுப் போயிடும்.

அந்த வோல்டேஜைத்தான் ஊட்டியில அளந்தாங்க. இடிமேகத்தில் கிகாவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கலாம்னு சி.டி.ஆர். வில்சன் 1929-லேயே சொன்னார். பலூன் விட்டு அளந்ததில் அதிகபட்சம் 0.13 கிகாவோல்ட்தான் கிடைச்சுது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 குழு மேகத்தைத் தொடவே இல்லை. அதைத் தாண்டி வரும் மியூவான்களை எண்ணினாங்க. 2014 டிசம்பர் 1 அன்று எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைஞ்சது. அதிலிருந்து கணக்கிட்டு, 1.3 கிகாவோல்ட் என்று 2019-ல் வெளியிட்டாங்க. அவங்களும் சிமுலேஷன் ஓட்டினாங்கதான். ஆனா அந்த சிமுலேஷன் ஒரு அளவீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள்ல நிழலுக்கு நிக்கிறது உயரமான சில்வர் ஓக். மழை வந்தா ஆளுங்க ஒதுங்குறதும் அதன் அடியிலதான். எந்த இடம் பாதுகாப்புன்னு நம்ம மாடலை நம்பி ஒருத்தர் முடிவெடுத்தா, அங்கே படத்தோட அழகு உதவாது.

அதனால அடுத்த ரிவ்யூல மூணு கேள்வி கேட்போம். ஈட்டாவை எந்த அளவீட்டோட ஒப்பிட்டு வச்சீங்க? காற்று உடையற வரம்பைச் சேர்த்தீங்களா? 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு; சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட்ங்கிற புத்தக எண் அங்கே அப்படியே பொருந்தாது. நூறு தடவை ஓட்டினா எத்தனை தடவை அதே மரத்துல விழுது?

இதுக்கெல்லாம் பதில் இருந்தா, படம் சுமாரா இருந்தாலும் தாராளமா "செம" சொல்லலாம்.