மூன்று பேரில் யார் குந்துவது?



சென்ற முறை குளிர்காலச் சப்பாத்து வாங்கும் கதையை எழுதினேன். இம்முறை விளையாட்டு, அதுவும் பேஸ்போல். "உமக்கு என்ன நடந்தது? எங்கட கிரிக்கெட் இருக்க இது எதற்கு?" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் உங்களைப்போலத்தான் இருந்தேன், 2022ஆம் ஆண்டு மார்கழி 23ஆம் திகதி வரைக்கும்.

அன்று ரொறன்ரோவில் கடும் பனிப்புயல். இரவு வேலை முடித்து வந்து போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்து வயது மகன் அறைக்குள் ஓடி வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அப்பா, மொரேனோவைக் குடுத்திட்டினம்!"

"ஆர் தம்பி மொரேனோ? உன்ர வகுப்புப் பெடியனோ?"

அவன் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அந்தப் பார்வை இன்றைக்கும் மனதில் நிற்கிறது. பிள்ளைக்குத் துக்கம் வந்திருக்கிறது, அது என்ன துக்கம் என்று அப்பனுக்குத் தெரியவில்லை! அகதியாக வந்த எங்களுக்கு எத்தனையோ நட்டங்கள். எங்கள் பிள்ளைகள் அழும் காரணம்கூட எங்களுக்கு விளங்காமல் போவது அவற்றோடு இன்னொன்றாகச் சேரவேண்டுமா? அன்று பின்னேரமே மனிசியிடம் தேநீர் வாங்கிக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "எனக்குச் சொல்லித்தா" என்றேன்.

அவன் சொல்லித்தந்ததையும் பிறகு நானே பார்த்து அறிந்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊரில் எல்லே விளையாடியவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும். நான்கு மூலைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோம்', அதாவது வீடு. அடிப்பவருக்குப் பின்னால், முகமூடியும் மார்புக் கவசமும் போட்டு, அந்த வீட்டு வாசலில் குந்தியிருப்பவர்தான் கட்சர். எங்கள் விக்கெட் காப்பாளர் மாதிரி. ஆனால் வேலை அதைவிடப் பல மடங்கு.

எறிபவர் அடுத்து என்ன பந்து எறியவேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் கட்சர்தான். முன்பு விரல்களால் சைகை காட்டுவார்கள். 2022இல் இருந்து சிறு கருவி ஒன்றின் பொத்தானை அமத்த, எறிபவரின் தொப்பிக்குள் குரல் கேட்கிறது. விளிம்பில் வரும் பந்தை நடுவர் நல்ல பந்து என்று எண்ணும்படி கையை அசைக்காமல் வாங்குவதும் ஒரு கலை. நிலத்தில் குத்தி வரும் பந்தை உடம்பால் தடுக்கவேண்டும். எதிரணிக்காரன் அடுத்த மூலைக்குக் களவாக ஓடினால், குந்திய இடத்தில் இருந்து எழும்பி 127 அடி தூரத்துக்குப் பந்தை எறியவேண்டும். பந்து கையில் பட்டதில் இருந்து அங்கு போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு விநாடிதான் அவகாசம்! இவ்வளவும் செய்துவிட்டு, தன் முறை வரும்போது துடுப்பும் பிடிக்கவேண்டும்.

மற்ற எட்டுப் பேரும் வீட்டைப் பார்த்து நிற்க, இவர் ஒருவர் மட்டும் வீட்டில் இருந்து மைதானம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அம்மாக்களின் வேலை என்று மனிசி சொன்னாள். சரிதான்.

இனி அந்த மொரேனோ விடயத்துக்கு வருவோம். 2022 பருவம் முடிந்தபோது ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியில் மூன்று நல்ல கட்சர்கள் இருந்தார்கள். குந்துவதற்கு இடமோ ஒன்று.

முதலாமவர் அலெஹாண்ட்ரோ கேர்க். மெக்சிக்கோவின் திஹுவானா நகரத்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம், ஆள் நல்ல பருமன். தெருவில் கண்டால் விளையாட்டு வீரர் என்று சொல்லமாட்டீர்கள். ஓட்டமும் மெதுவு. ஆனால் கண் கூர்மை. 2022இல் பந்தடிக்கத் தவறி ஆட்டமிழந்தது 58 தரம், பொறுமையாக நின்று இலவச நடை பெற்றது 63 தரம். அந்த ஆண்டு ஓல் ஸ்டார் ஆட்டத்தில் அமெரிக்கன் லீக்கின் முதல் கட்சராக நின்றவரும் இவரே.

இரண்டாமவர் டானி ஜான்சென். விஸ்கொன்சின் மாநிலத்தவர். 2018இல் இருந்து ரொறன்ரோவின் முதல் அணியில் ஆடியவர். கண்ணாடி போட்ட பிறகுதான் பந்து ஒழுங்காகத் தெரிந்தது என்பது இவரின் கதை. 2022இல் 72 ஆட்டங்களில் 15 ஹோம் ரன். குறை என்னவென்றால், அடிக்கடி காயம்.

மூன்றாமவர்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி மகன் நினைத்திருந்த கேப்ரியல் மொரேனோ. வெனிசுவேலாக்காரர், 22 வயது. 25 ஆட்டங்களில்தான் ஆடியிருந்தார். சராசரி .319. இந்த விளையாட்டில் பத்துக்கு மூன்று தரம் சரியாக அடித்தாலே கெட்டிக்காரன் என்பார்கள். வேகமான கால், மின்னல் போன்ற கை. எதிர்காலம் இவருடையது என்று எல்லோரும் பேசினார்கள்.

அணி என்ன செய்தது? மொரேனோவையும் குரியெல் என்ற வீரரையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, டோல்டன் வார்ஷோ என்பவரை வாங்கியது. அதற்கும் காரணம் இருந்தது. அணியில் வலக்கை ஆட்டக்காரர்கள் நிறையப்பேர், இடக்கையால் அடிப்பவர் வேண்டும். வெளிக்களத்தில் பந்து பிடிக்க வேகமான ஆளும் வேண்டும். வார்ஷோ இரண்டுக்கும் பொருத்தம், 2022இல் 27 ஹோம் ரன் அடித்தவர். கூடுதலாக இருப்பதைக் கொடுத்துக் குறைவாக இருப்பதை வாங்குவது சந்தைக் கணக்கு. ஆனால் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கு செல்லுமா?

2023இல் மகனின் அழுகைதான் சரி போலத் தெரிந்தது. அந்த ஆண்டு மூலைத் தட்டுகளைப் பெரிதாக்கி, எறிபவருக்கு நேரக்கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். லீக் முழுவதிலும் களவோட்டங்கள் 2,486இல் இருந்து 3,503 ஆக எகிறின. நல்ல கை உள்ள கட்சருக்கு மதிப்பு ஏறியது. மொரேனோ தன் லீக்கின் சிறந்த கட்சருக்கான கோல்ட் குளோவ் விருதை வென்றார். அவரின் அரிசோனா உலகத் தொடர் வரை போய் டெக்சாஸிடம் தோற்றது. ரொறன்ரோவோ மினசோட்டாவிடம் இரண்டு ஆட்டமும் தோற்று, முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தது. கேர்க்கின் துடுப்பும் அந்த ஆண்டு சோர்ந்தது. ஜான்சென் விரல் முறிந்து புரட்டாதியில் படுத்துவிட்டார்.

2024 இன்னும் மோசம், பிரிவில் கடைசி இடம். ஆடி மாதம் ஜான்செனையும் பொஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஆனி 26ஆம் திகதி பொஸ்டனில் மழையால் ஓர் ஆட்டம் இடைநின்றபோது ரொறன்ரோவுக்காகத் துடுப்புப் பிடித்து நின்றவர் ஜான்சென். ஆவணி 26இல் அதே ஆட்டம் தொடர்ந்தபோது பொஸ்டனின் கட்சராகக் குந்தியிருந்தவரும் ஜான்சென்! ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் மனிதர். அவர் விட்ட துடுப்பைப் பிடிக்க வந்தவர் யார் தெரியுமா? மொரேனோவுக்குப் பதிலாக வந்த அதே வார்ஷோ. நாடு மாறி, வேலை மாறி, நேற்றைய எதிர்ப்பக்கத்தில் இன்று நிற்கும் நிலை எங்களுக்குப் புதிதா என்ன? நான் சிரிக்கவில்லை.

மிஞ்சியவர் கேர்க். 2025 பங்குனியில் அணி அவரோடு 5 ஆண்டுக்கு 58 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது, 2026இல் இருந்து 2030 வரை. "இந்த உடம்புக்கு இவ்வளவு காசா?" என்றவர்களும் உண்டு. அந்தப் பருவத்தில் அவர் .282 சராசரியும் 15 ஹோம் ரன்னும் எடுத்தார். விளிம்புப் பந்துகளை வாங்குவதில் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக நின்றார். ரொறன்ரோ 94 ஆட்டங்கள் வென்று, 1993க்குப் பிறகு முதல்தடவையாக உலகத் தொடருக்குப் போனது.

பழைய ஆட்களுக்கு இந்தப் பாடம் தெரியும். 1985 ஆடி 9ஆம் திகதி சியாட்டிலில் பக் மார்ட்டினஸ் என்ற ரொறன்ரோ கட்சர் மீது ஓடிவந்தவர் மோத, கால் முறிந்தது. அந்த ஆளை ஆட்டமிழக்கச் செய்துவிட்டு, விழுந்து கிடந்தபடியே மூன்றாம் மூலைக்கு எறிந்தார். எறி பிழைத்தது. வெளிக்களத்தில் இருந்து பந்து திரும்பி வர, நிலத்தில் இருந்தபடியே பிடித்து, ஓடிவந்த இரண்டாவது ஆளையும் தொட்டு வெளியேற்றினார்! 1992இல் ரொறன்ரோ முதன்முதல் உலகத் தொடரை வென்றபோது அத்தொடரின் சிறந்த வீரரானவரும் பற் போர்டர்ஸ் என்ற கட்சர்தான்.

என் சிறு அறிவுக்குப் பட்டது இதுதான். வரும் பருவத்துக்குக் கட்சரைத் தெரிவு செய்யும்போது துடுப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் பிழைத்துவிடும். எறிபவர்கள் யாரை நம்பி எறிகிறார்கள் என்று பார்க்கவேண்டும். 162 ஆட்டமும் ஒருவரால் குந்த முடியாது, முழங்கால் விடாது. ஆகவே முதல் ஆளைத் தெரியும்போதே துணை ஆளையும் தெரியவேண்டும். 2026 பருவத்துக்கு இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. நடுவரின் தீர்ப்புப் பிழை என்று நினைத்தால் தலையைத் தட்டி இயந்திரத்திடம் முறையிடலாம். அணிக்கு இரண்டு முறையீடுதான், சரியாக வந்தால் அது குறையாது. அடிப்பவர், எறிபவர், கட்சர் மூவரும் கேட்கலாம் என்றாலும், பந்தை அருகில் இருந்து வாங்கும் கட்சரின் கண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். கேர்க்கைத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு நியாயம்.

2025 கார்த்திகை முதலாம் திகதி இரவு. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், 11ஆவது சுற்று. லொஸ் ஏஞ்சலஸ் 5, ரொறன்ரோ 4. முதலாம், மூன்றாம் மூலைகளில் ஆட்கள். துடுப்போடு நின்றவர் எங்கள் கேர்க். துடுப்பு முறிய, பந்து எதிரணியின் கைக்குப் போய், இரண்டு பேர் ஒன்றாக ஆட்டமிழந்தார்கள். எல்லாம் முடிந்தது.

மகனுக்கு இப்போது மீசை அரும்பும் வயது. அழவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"வாற வருசமும் கேர்க்தான் அப்பா."

"ஓம் தம்பி. வேற ஆர்?" என்றேன்.

ஆர் கேர்க் என்று நான் கேட்கவில்லை. அது போதும் எனக்கு.

புதிதாக வந்திருக்கும் பெற்றோரே, கோடை வந்ததும் பக்கத்துப் பூங்காவைப் பாருங்கள். பிள்ளை விளையாட ஆசைப்பட்டால் பதிவைக் கோடை வரை தள்ளிப் போடாதீர்கள், பல இடங்களில் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். சமூக நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கட்சரின் கவசங்கள் விலை கூடியவை. வாங்க முதல் கழகத்திடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒன்றும் முடியாவிட்டால், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஓர் ஆட்டமாவது பாருங்கள். விளங்காததை அவர்களிடமே கேளுங்கள். பள்ளிக்கூடக் கடிதத்தை எங்களுக்கு வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் இதையும் சொல்லித்தருவார்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.