நாள் குறித்துச் செய்வதே நன்று

ஸ்கேன் அறிக்கையில் ‘டூப்ளிகேஷன் சிஸ்ட்’ என்னும் சொற்களைக் கண்ட பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்பது ஒன்றே: “குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, சிரித்து விளையாடுகிறது, பிறகு அறுவை சிகிச்சை எதற்கு?” கேள்வி நியாயமானது. ஆயினும், தொந்தரவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதைக் காட்டிலும், நாள் குறித்து அறுவை செய்துகொள்வதே பெரும்பாலும் குழந்தைக்கு நலம் என்பது எங்கள் கருத்து.

குடல் இரட்டிப்பு நீர்க்கட்டி என்பது, கரு உருவாகும் தொடக்க வாரங்களிலேயே குடலை ஒட்டி அமைந்துவிடும் ஒரு பை. குடலைப் போன்றே அதற்கும் தசைச்சுவரும் உட்படலமும் உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியிலேயே இது மிகுதியாகத் தோன்றுகிறது. தாய் உண்ட உணவோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ இதற்குக் காரணமன்று. வீட்டுப் பெரியவர்கள் தாயைக் குறை கூறாதிருக்க வேண்டுகிறோம்.

கட்டியின் உட்படலம் நீரைச் சுரந்துகொண்டே இருப்பதால் பை பெருக்கிறது. அது குடலின் வழியை அடைக்கலாம். குடலின் ஒரு பகுதி மற்றொன்றினுள் செருகிக்கொள்ளவோ, குடல் முறுக்கிக்கொள்ளவோ காரணமாகலாம். சில கட்டிகளில் இரைப்பையின் படலம் அமைந்து அமிலம் சுரப்பதால், புண்ணாகி இரத்தம் கசிவதும் உண்டு. பெரும்பாலானவை 2 வயதுக்குள் வெளிப்பட்டுவிடுகின்றன. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்ட பின் வரும் குழந்தைக்குக் குடலின் நீண்ட பகுதியையே அகற்ற நேரிடலாம். முன்கூட்டியே செய்தால் சிறு பகுதியோடு முடிந்துவிடும்.

“ஊசியால் நீரை எடுத்துவிட்டால் போதாதா?” என்றும் கேட்கிறார்கள். படலம் எஞ்சியிருக்கும் வரை நீர் மீண்டும் சேரும். கட்டியும் அடுத்துள்ள குடலும் பெரும்பாலும் ஒரே இரத்தக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், கட்டியோடு அச்சிறு குடற்பகுதியையும் நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைக்கிறோம். எஞ்சிய குடல் செரிமானத்திற்குப் போதுமானது. குடல் இயங்கத் தொடங்கும்வரை நரம்பு வழியே திரவம் செலுத்தி, பின்னர் சிறிது சிறிதாகப் பால் கொடுக்கிறோம்.

அறுவையில் இடர் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. மயக்க மருந்து, தையலில் கசிவு, பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை அரிதாயினும் உண்மையே. பச்சிளங்குழந்தைக்குத் தொந்தரவு ஏதுமில்லையெனில் சில மாதங்கள் பொறுப்பதும் முறையே. ஆனால் அக்காத்திருப்பில் அடுத்த ஸ்கேனுக்கும் அறுவைக்கும் காலம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிற்று உப்புசம், விட்டுவிட்டு வீறிட்டு அழுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கட்டி எங்குள்ளது, எவ்வளவு குடல் நீக்கப்படும், எப்போது பால் கொடுக்கலாம் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள். விடை கூறுவது எங்கள் கடமை.