கடை போடலாமா பாஸ்?

இந்த வாரம் ஒரு கணக்குப் பரீட்சை. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. ஆனா தப்பாப் போட்டா என் பெரியப்பாவோட அஞ்சரை லட்ச ரூபாய் அம்பேல்!

பெரியப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனவர். 28 வருஷம் செக்கிங் செக்‌ஷன். கண்ணு கொஞ்சம் மங்க ஆரம்பிச்சதும், 'போதும் சாமி'னு கணக்கை முடிச்சுக்கிட்டு வந்துட்டார். பி.எஃப்., செட்டில்மென்ட் எல்லாம் சேர்த்து கையில ஏழு லட்சம். திருப்பூர்ல ஒருத்தர் கையில ஏழு லட்சம் இருக்குன்னு ஊருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? கரெக்ட், ஒரே ஒரு டீ!

அவிநாசி ரோட்டுல ஒரு ஹோட்டல் ஹால். கோட் போட்ட ஒருத்தர் லேப்டாப்ல படம் ஓட்டினார். ஐடியா இதுதான்: உங்க ஏரியாவுல கடை போடுவீங்க. கம்பெனிக்காரங்க, ஜாப் ஒர்க் பண்றவங்க, வீட்டுல மூட்டை கட்டி வெச்சிருக்கவங்க எல்லாம் சர்ப்ளஸ் துணியைக் கொண்டுவந்து போடுவாங்க. நீங்க போட்டோ எடுத்து, ஆன்லைன்ல ஏத்தி, வித்து, கமிஷனை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அவங்களுக்குக் கொடுப்பீங்க. சரக்கு வாங்க முதல் போட வேணாம். பேரு, சாஃப்ட்வேர், டிரெய்னிங் எல்லாம் கம்பெனி தரும். நீங்க தரவேண்டியது ஃபிரான்சைஸ் கட்டணம் மூணு லட்சம். கடை அட்வான்ஸ், ரேக், கம்ப்யூட்டர், கேமராவுக்கு இன்னொரு ரெண்டரை.

பெரியப்பா எனக்கு போன் போட்டார். "அம்மிணி, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிற? இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

இ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு மேத்ஸ்-3 அரியர் இருக்குற விஷயம் அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.

சரி, இந்த ஐடியா புதுசா? தேடிப் பார்த்தா, நாம எல்லாம் தொட்டில்ல கிடந்த காலத்து அல்லது அதுக்கும் முந்தின ஐடியா! 1995-ல ஆரம்பிச்ச ஈபே ஏல சைட்ல முதல்ல வித்த பொருள் உடைஞ்சுபோன ஒரு லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போச்சு. உடைஞ்சதுக்கே ஆள் இருக்குன்னா பரண்ல கிடக்கற எல்லாத்தையும் விக்கலாமேனு அமெரிக்காவே பரபரத்துச்சு. ஆனா எல்லாருக்கும் போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பார்சல் கட்டப் பொறுமை இருக்குமா? 'எங்க கடையில கொண்டுவந்து போட்டுட்டுப் போங்க, நாங்க வித்துத் தர்றோம்'னு 2003 வாக்குல கடைகள் முளைச்சுது. கலிஃபோர்னியாவுல 'ஐசோல்ட் இட்', 'ஆக்‌ஷன் டிராப்'. முன்னது ஃபிரான்சைஸ் கொடுத்தே கொஞ்ச வருஷத்துல நூறு கடைக்கு மேல போச்சு. பின்னது 2004-ல யூ.பி.எஸ். ஸ்டோர் பார்சல் கடைகளோட கைகோத்து, அமெரிக்கா முழுக்க பொருள் வாங்க ஆரம்பிச்சுது. 2005-ல வந்த '40 இயர் ஓல்டு விர்ஜின்' படத்து ஹீரோயினே இப்படி ஒரு கடைதான் வெச்சிருப்பாங்க. (படம் பார்த்தியானு கேக்காதீங்க, எங்க அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க.)

அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலான கடைகள் காலி.

ஏன்? யாரும் ஏமாத்தலை. ஓனர்கள் காலைல வந்து ராத்திரி வரைக்கும் உழைச்சாங்க. ஆனா வர்ற ஒவ்வொரு பொருளும் வேற வேற. ஒண்ணு பழைய கேமரா, ஒண்ணு பாட்டியோட பீங்கான் பொம்மை. ஒவ்வொண்ணுக்கும் தனியா போட்டோ, தனியா விவரம், தனியா பெட்டி. 20 டாலர் பொம்மைக்கும் 500 டாலர் கேமராவுக்கும் ஆகுற உழைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு. கமிஷன் மட்டும் விலையில இத்தனை சதவிகிதம். வாசல்ல கொண்டுவந்து கொட்டுறது என்னவோ பொம்மைங்கதான். இது போதாதுன்னு 2005, 2006-ல ஈபே தன் கட்டணங்களை ஏத்துச்சு. கடைக்காரர் என்ன பண்ணுவார்? வாடகைக்கு இருக்கிற வீட்டு ஓனர் வாடகையை ஏத்தற மாதிரிதான்.

நம்ம ஊர்ல? 2000-ல ஆரம்பிச்ச பாஸி டாட் காம் ஏல சைட்டை 2004-ல ஈபே வாங்கி, ஈபே இந்தியா ஆக்குச்சு. 2017-ல அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போச்சு. 2018 ஆகஸ்ட் 14-ம் தேதி கடையை மூடிட்டாங்க. அன்னிக்கு ஒருத்தர் அதை மட்டுமே நம்பி அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கடை போட்டிருந்தா, சுதந்திர தினத்துக்கு முதல் நாளே ஃபுல் சுதந்திரம்!

இப்போ கணக்குக்கு வருவோம். பேப்பர் பேனா எடுங்க, ரஃப் ஒர்க் கட்டாயம்.

ஒரு டி-ஷர்ட் ஆன்லைன்ல 250 ரூபாய்க்குப் போகுதுன்னு வைங்க. டெலிவரி, பேக்கிங், வரி, ரிட்டர்ன்ல போற நஷ்டம் எல்லாம் சேர்த்து 90 ரூபாய்னு நான் போட்டுக்கிட்டேன். மிச்சம் 160. கடைக்கு 30 சதவிகிதக் கமிஷன், அதாவது 75. துணி கொண்டுவந்தவருக்கு 85. பெரியப்பாவோட அந்த 75-ல கம்பெனிக்கு ராயல்டி, விற்பனையில 8 சதவிகிதம், 20 ரூபாய். ஆக ஒரு பீஸுக்குப் பெரியப்பா கையில 55.

கடை வாடகை 12,000. ஒரு பையன் சம்பளம் 14,000. கரன்ட், நெட்டு 3,000. மொத்தம் 29,000. இதை எடுக்கவே மாசம் 528 பீஸ் விக்கணும். பெரியப்பாவுக்கு வீட்டுச் செலவுக்கு 25,000 வேணும்னா, 982 பீஸ். ஞாயிறு போக 26 நாள்னா தினம் 38. ரிட்டர்ன் வராம நிக்கிற 38!

முடியாதானு கேட்டா, முடியலாம். ஒரே டிசைன்ல 300 பீஸ் வந்தா ஒரு போட்டோ போதுமே. ஆனா 300 பீஸ் கையில வெச்சிருக்கவர் ஏன் பெரியப்பாகிட்ட வரணும்? அவர் வீட்டுலயே பி.காம். படிக்கிற பையன் ஒருத்தன் செல்போனோட சும்மா உக்காந்திருப்பான். மீஷோ 2021-லயே விக்கிறவங்ககிட்ட கமிஷன் கிடையாதுன்னுடுச்சு. அமேசான் 2025 ஏப்ரல்ல 300 ரூபாய்க்குள்ள இருக்கற ஏகப்பட்ட பொருள்களுக்கு ரெஃபரல் கட்டணத்தை எடுத்துடுச்சு. கடலே கமிஷன் கேக்கலைங்கறப்போ, படகுக்காரர் 30 சதவிகிதம் கேட்டா யார் ஏறுவாங்க? கடைசியில பெரியப்பாகிட்ட வர்றது ரெண்டு மீடியம், ஒரு டபுள் எக்ஸ்எல், கழுத்துல எண்ணெய்க் கறை பட்ட ஒரு பீஸ். அமெரிக்காக்காரங்களுக்குப் பீங்கான் பொம்மை, நமக்குக் கறை பனியன்.

இன்னொண்ணை அந்தக் கோட்டுக்காரர் சொல்லவே இல்லை. காதர்பேட்டை! ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கற தூரம். சர்ப்ளஸ், செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட்ல ரிஜெக்ட் ஆனது எல்லாத்தையும் பார்த்தவுடனே விலை சொல்ற மனுஷங்க அங்க இருக்காங்க. பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு கடையில, இதே மாதிரி பீஸை லாட்டா எடுத்தா என்ன தருவீங்கன்னு கேட்டேன். கையில தடவிப் பார்த்துட்டு, "எழுபது, எழுபத்தஞ்சு. கறை இருந்தாலும் சேர்த்துத்தான். பணம் இப்பவே வாங்கிக்கங்க"ன்னார். ஆன்லைன்ல 85, அதுவும் வித்தா, ரிட்டர்ன் வராம இருந்தா, ஒரு மாசம் கழிச்சு. சனிக்கிழமை சம்பளம் போடணும்னு அலையற ஜாப் ஒர்க்காரர் எதை எடுப்பார்? நீங்களே சொல்லுங்க.

அடுத்து அக்ரிமென்ட். 22 பக்கம், எல்லாம் இங்கிலீஷ். செமஸ்டருக்குக்கூட நான் இப்படி உக்காந்து படிச்சதில்லை. விற்பனை எவ்வளவு குறைஞ்சாலும் மாசம் 10,000 ராயல்டி கட்டியே ஆகணும். கட்டின மூணு லட்சம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வராது. அஞ்சு கிலோமீட்டருக்குள்ள வேற யாருக்கும் கடை தரமாட்டோம்னு ஒரு பக்கத்துல இருக்கு. ரெண்டு பக்கம் தள்ளி, கம்பெனியே ஆப் மூலமா அந்த ஏரியாவுல நேரடியா சரக்கு எடுத்துக்கலாம்னும் இருக்கு! தகராறு வந்தா பஞ்சாயத்து டெல்லிப் பக்கம். திருப்பூர்லேர்ந்து போய்வர்ற செலவுக்கே தனியா ஒரு சீட்டு போடணும்.

ஒப்பந்தம் முடிஞ்சும் ரெண்டு வருஷத்துக்கு இதே தொழில் பண்ணக்கூடாதுன்னும் ஒரு வரி. இதைச் சட்டம் படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட்கிட்ட காட்டினேன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 27-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு தொழிலே பண்ணாதேன்னு கட்டிப்போடற வரி பொதுவா செல்லாதாம். ஆனா ஒப்பந்தம் நடப்புல இருக்கும்போது போடற தடை செல்லும்னு 1995-ல கோகோ கோலா சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்காம். ஆக, அஞ்சு வருஷத்துக்குள்ள அசையமுடியாது.

அமெரிக்காவுல ஃபிரான்சைஸ் விக்கிறவங்க, கையெழுத்துக்கும் பணத்துக்கும் 14 நாள் முன்னாடியே ஒரு புத்தகம் சைஸுக்கு விவரம் தந்தாகணும். எத்தனை கடை திறந்தீங்க, எத்தனை மூடினீங்க, விட்டுட்டுப் போனவங்க யார், அவங்களை எப்படிப் பிடிக்கிறது எல்லாம் அதுல இருக்கணும். இந்தியாவுல ஃபிரான்சைஸுக்குன்னு அப்படித் தனிச் சட்டம் இல்லை. கேட்டா தரலாம், தராமலும் இருக்கலாம். நாங்க கேட்டோம். ஓடிக்கிட்டிருக்கிற மூணு கடையோட நம்பர் வந்துச்சு. மூடின கடை லிஸ்ட் 'மெயில்ல வரும்'னாங்க.

மூணு நம்பருக்கும் அடிச்சேன். ஒண்ணு ஸ்விட்ச்டு ஆஃப். இன்னொருத்தர், "போட்டு நாலு மாசம்தாங்க ஆச்சு, இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது." மூணாவது அண்ணன்தான் மனசு விட்டுப் பேசினார். "கடை ஓடுதும்மா. ஆனா கூடவே கூரியர் ஏஜென்சியும் எடுத்திருக்கேன். வாடகை அதுலதான் வருது." இதைத்தான் பெரியப்பாகிட்ட ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. காபியை ஆத்திக்கிட்டே இருந்தார்.

பெரியம்மாவோட பயம் வேற. "இது அந்த ஈமு மாதிரி ஆயிடாதா?" எங்க பக்கம் யாருக்கும் அதை விளக்கவேண்டியதில்லை. 2012-ல பெருந்துறையில ஈமு கம்பெனி கவுந்தப்போ எத்தனை தோட்டத்துல கோழியை வெச்சுக்கிட்டு முழிச்சாங்க! அதுக்கு முன்னாடி 2009-ல எங்க ஊர்லயே பாசி நிறுவனம். ஆன்லைன் கரன்சி வர்த்தகம்னு சொல்லி 930 கோடி வாங்கின மோசடி. 2022-ல கோயம்புத்தூர் கோர்ட் 27 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. அதனால இப்போ எங்க ஊர்க்காரங்க எதைப் பார்த்தாலும் கேக்கற முதல் கேள்வி, "இது ஃபிராடா?"

நான் பார்த்தவரைக்கும் இது ஃபிராடு இல்லை. மாசம் இவ்வளவு தர்றோம்னு யாரும் சத்தியம் பண்ணலை, எல்லாமே அக்ரிமென்ட்ல இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. ஃபிராடுன்னா போலீஸ்ல புகார் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டு, உழைச்சு, வியாபாரம் ஆகாம போனா யார்கிட்ட போறது? அந்த அமெரிக்கக் கடைக்காரங்க மேலயும் எந்தக் கேஸும் போடமுடியாதே.

வேணாம்னு ஒரேயடியா சொல்ல எனக்கும் மனசில்லை. 28 வருஷம் அடுத்தவன் பீஸைப் பார்த்தவர், தன் பேர்ல ஒரு போர்டு மாட்டணும்னு ஆசைப்படறார். அதுல என்ன தப்பு? அதனால ஒரு டீல் போட்டோம். அத்தை பையனுக்கு ஜி.எஸ்.டி. நம்பரும் ஆன்லைன்ல விக்கிற அக்கவுன்ட்டும் இருக்கு. காதர்பேட்டையில 20 பீஸ் வாங்கி, ஒரு மாசம் நாமளே வித்துப் பார்ப்போம். ஃபிரான்சைஸ் கட்டணம் பூஜ்யம்.

போட்டோ நான், அளவு பெரியப்பா, பேக்கிங் பெரியம்மா. ஒரு பீஸ் எடுத்து, அளந்து, படம் பிடிச்சு, ஏத்தி, கட்டி முடிக்க சராசரியா 15 நிமிஷம். பெரியப்பா செவத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டுல எழுதினார். பழைய பழக்கம், கம்பெனியில பீஸ் கணக்கு எழுதற அதே கோடு போட்ட நோட்டு. மாசக் கடைசியில 20-ல 13 போச்சு. அதுல நாலு திரும்பி வந்துடுச்சு. ஒருத்தர் சைஸ் சரியில்லைன்னார், ரெண்டு பேர் டெலிவரியையே வாங்கலை.

நாலாவது பார்சலைப் போன ஞாயித்துக்கிழமை பிரிச்சோம். நாங்க அனுப்பின நீல டி-ஷர்ட் அதுல இல்லை. யாரோ போட்டுத் தேய்ஞ்ச பழைய வெள்ளை பனியன் ஒண்ணை மடிச்சு வெச்சு அனுப்பியிருந்தாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! கம்ப்ளெய்ன்ட் போடலாம்னு நான் போனை எடுத்துக்கிட்டிருக்கேன். மூடின கடை லிஸ்ட் மெயில்ல இன்னும் வரலை, பெரியப்பா அட்வான்ஸும் இன்னும் கொடுக்கலை. அவர் அந்தப் பனியனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சார். தோள், கை, கழுத்துன்னு விரலால ஒவ்வொரு தையலாத் தடவிக்கிட்டே வந்தார்.

"கழுத்துப் பட்டியில லூப் விட்டிருக்குது அம்மிணி. இத எந்தக் கம்பெனிலயோ பாக்காமயே பாஸ் பண்ணி உட்ருக்கான்."